ஆரி வேலை கற்றுத்தரும் வணிகக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் வீட்டின் ஓர் அறையில் பிரேமைப் போட்டு, ஓய்வுநேரங்களில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூத்தையல்) செய்து கொடுத்து வருகிறேன். பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த வேலையில் வருமானம் பார்க்க விரும்பும் பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தத் தையலை எப்படிப் போடுவது என்பதை விட்டுவிட்டு, விலை, நாள், பொறுப்பு, பதிவு ஆகியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டுள்ளேன். சட்டம் தொடர்பானவற்றைத் தவிர மற்ற ரிங்கிட் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகள். அவற்றை எவரும் விலைப்பட்டியலாகக் கொள்ள வேண்டாம்.

ஆரி வேலைக்கும் வணிகப் பாடத்துக்கும் என்ன தொடர்பு?

ஆரி என்பது முனையில் சிறு கொக்கி உள்ள ஊசி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்துவந்த மோச்சி சமூகத்தினர் தோலைத் துளைக்கப் பயன்படுத்திய கருவியிலிருந்து இந்த ஊசி வளர்ந்தது. துணியைப் பிரேமில் தளர்வின்றி இழுத்துக் கட்டி, கீழே ஒரு கை நூலைப் பிடித்துக்கொள்ள, மேலே மற்றொரு கை ஊசியை இறக்கி நூலைக் கொக்கியில் மாட்டி வளையமாக எடுக்கும். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் என்று சங்கிலித் தையல் ஓடும். பட்டு நூல், ஜரி, சுகர் பீட்ஸ் எனப்படும் பொடி மணிகள், கட் பீட்ஸ் எனப்படும் சிறு குழல் மணிகள், சர்தோசி எனப்படும் உலோகக் கம்பிச் சுருள், குந்தன் கல் ஆகிய எல்லாம் இந்த அடிப்படையின் மேல் வருபவை.

இந்த வேலையில் எதையும் மறைக்க முடியாது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது, எங்கே இழுப்பு தளர்ந்திருக்கிறது, எங்கே மணி நெருக்கம் குறைந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது ஒன்றுதான், அது நேரம். ஆரி வேலையை விற்பவர் விற்பது பெரும்பாலும் தம்முடைய நேரத்தைத்தான் என்பது விளங்கிவிட்டால், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு ரவிக்கைக்கு எவ்வளவு விலை சொல்வது?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். விடையும் சற்று நீளமானது. புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் நூல், மணி, கல் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, அதை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கி ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். ஆரி வேலைக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது. விலை மிகுந்த குந்தன் கற்களை வரிசையாக ஒட்டி, சுற்றிலும் ஒரு வரி ஜரி ஓட்டுவது விரைவில் முடிந்துவிடும் வேலை. பட்டு நூலால் இடைவெளியின்றி நிரப்பிய ஒரு மயிலுக்கோ நூல் செலவு சில ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அது இரண்டு மாலைப்பொழுதுகளை விழுங்கிவிடும். பொருள் விலையைப் பெருக்கிச் சொல்பவர் முதல் ரவிக்கைக்கு அதிகமாகவும் இரண்டாவதற்கு மிகக் குறைவாகவும் கேட்பார். குறைவாகக் கேட்ட மயிலுக்குத்தான் ஆர்டர்கள் குவியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. பிரேமுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஓர் அங்குலம் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒற்றை வரிச் சங்கிலித் தையலுக்கு ஓர் அளவு, சுகர் பீட்ஸ் வரிக்கு வேறோர் அளவு, சர்தோசிச் சுருளை வெட்டி ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்க இன்னோர் அளவு என்று வரும். சில ரவிக்கைகள் முடிந்ததும் உங்கள் கையின் வேகம் உங்களுக்கே எண்ணாகத் தெரிந்துவிடும். அதன்பிறகு, வாடிக்கையாளர் ஒரு படத்தைக் காட்டும்போது, கழுத்துச் சுற்றளவு இத்தனை அங்குலம், கைச் சுற்றளவு இத்தனை, அதில் இத்தனை வரி என்று அளந்து நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு வைப்பது என்பது அடுத்த கேள்வி. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் இது பொருந்துகிறது. மணிக்கணக்கில் அது 8.17 ரிங்கிட். சொந்தத் தொழில் செய்பவரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், கணக்கின் அடித்தளமாக அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு நடுத்தர வேலைப்பாட்டுக்குப் பிரேமில் 18 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவத்தைத் தாளில் வரைந்து துளையிட்டுத் துணியில் பதிப்பது, பிரேமில் கட்டுவது, வாடிக்கையாளருடன் நிறத்தைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றுக்கு இன்னும் 2 மணி நேரம். மொத்தம் 20 மணி நேரத்துக்கு 163.40 ரிங்கிட். பொருட்செலவு 35 ரிங்கிட்டைச் சேர்த்தால் 198.40. இந்த ரவிக்கையை 120 ரிங்கிட்டுக்குச் செய்து கொடுப்பவர், பொருட்செலவு போக, மணிக்கு 4.25 ரிங்கிட்டுக்கு வேலை செய்கிறார்.

கைத்திறனுக்கு உரிய கூலியும் மின்சாரமும் உடைந்த ஊசிகளும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு 12 ரிங்கிட் என்று வைத்தால் அதே ரவிக்கை 275 ரிங்கிட் ஆகும். இந்தத் தொகையைக் கேட்டதும் பலர், "இவ்வளவு யார் கொடுப்பார்கள்?" என்கிறார்கள். எல்லாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். வீட்டிலிருந்து தனியாக வேலை செய்பவருக்கு மாதத்தில் சில ரவிக்கைகளுக்கு மேல் செய்ய இயலாது என்பதால், எல்லாரும் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

"கொஞ்சம் குறைச்சுப் போடுங்கக்கா" என்று கேட்டால் என்ன செய்வது?

விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். வாடிக்கையாளர், "அக்கா, நூத்தம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) முடியாதா?" என்று கேட்டால், "முடியும்மா, கையில பூவை எடுத்துட்டு ரெண்டு வரி பார்டர் மட்டும் போட்டுத் தர்றேன்" என்று சொல்லலாம். நிரப்புத் தையல் உள்ள இடத்தில் வெளிக்கோடு மட்டும் ஓட்டலாம். முதுகுப் பக்கத்தை எளிமையாக்கி, முன்கழுத்தில் மட்டும் நெருக்கமாகச் செய்யலாம். மணி வரியில் ஒன்றுவிட்டு ஒன்று வைக்கலாம். அங்குலத்துக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு கையில் இருப்பவரால் மட்டுமே இப்படி உடனுக்குடன் மாற்றிச் சொல்ல முடியும். அதே வேலையை விலை குறைத்துக் கொடுத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். அடுத்த முறையும் கேட்பார், தம் தோழியிடமும் சொல்லுவார்.

இந்தியாவிலிருந்து ஆயத்த ரவிக்கைகள் மலிவாக வருகின்றன. கணினித் தையல் இயந்திரங்களும் வந்துவிட்டன. நமக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விலையில் இல்லை. இணையத்தில் விற்கப்படும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. அப்படியிருந்தும் அந்த ரவிக்கைகள் நம்முடையதைவிட மலிவாகவே இருக்கும். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் தெங்கு கிளானா சாலை ஆகிய இடங்களில் கடை கடையாக அவை தொங்குவதைப் பார்க்கலாம்.

அவற்றால் செய்ய இயலாதவை சில உண்டு. வாடிக்கையாளரின் புடவை முந்தியில் உள்ள யாளியையோ மாங்காயையோ அதே நிறத்தில் ரவிக்கைக்குக் கொண்டுவர முடியாது. அவருடைய கழுத்தின் ஆழத்துக்கும் தோளின் அகலத்துக்கும் ஏற்ப வடிவத்தை அமைக்க முடியாது. திருமணத்துக்கு முந்திய வாரம் உடல் இளைத்துவிட்டால் திருத்திக் கொடுக்க ஆள் கிடைக்காது. நம்முடைய வேலையை இந்த மூன்றின் மேல் நிறுத்திக்கொள்வதே நல்லது. கடையில் கிடைக்கும் பொதுவான பார்டர் வடிவத்தையே கையால் செய்து, கடை விலைக்குப் போட்டியாக விற்க முயல்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

முன்பணம் எவ்வளவு வாங்க வேண்டும்? தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது?

சங்கிலித் தையலில் கடைசி வளையத்தைப் பூட்டாமல் விட்டால், நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்ததும் வரி முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு இதழையும், ஒவ்வொரு கொடியையும் முடித்த இடத்திலேயே பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் பழக்கம். ஆர்டரையும் இப்படிக் கட்டம் கட்டமாகப் பூட்டிக்கொண்டே போக வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: பொருட்செலவு முழுவதும் அடங்கும்படி பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். வடிவம், நிறம், அளவு, கொடுக்கும் நாள், மொத்தத் தொகை ஆகிய ஐந்தையும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகே துணியைப் பிரேமில் கட்டுங்கள். துணியில் வடிவத்தைப் பதித்ததும் ஒரு படம் அனுப்புங்கள். ஊசி இறங்கிய பிறகு கேட்கும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் முதல் செய்தியிலேயே குறிப்பிடுங்கள். மீதித் தொகையைத் துணியைக் கொடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கைப்பேசியில் வருடிப் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் வந்த பிறகு, கையில் காசு இல்லை என்ற காரணம் பெரும்பாலும் எழுவதில்லை.

இந்த ஏற்பாடு வாடிக்கையாளருக்கும் பாதுகாப்புதான். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்துள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. எழுத்தில் உள்ள ஒரு செய்தி இரு தரப்புக்கும் சான்றாகும். தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாருக்கும் இப்படித்தான் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

வாடிக்கையாளரின் பட்டுத் துணி கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

நம் கையில் இருக்கும் வரை பொறுப்பு நம்முடையதே. பொழுதுபோக்காகச் செய்பவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்காத இடம் இது. காஞ்சிபுரப் புடவையோடு நெய்து வரும் ரவிக்கைத் துணி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதை வெட்டிய பிறகு அதே நிறம், அதே கரை வேறு எங்கும் கிடைக்காது. நாம் வாங்கும் கூலி 200 ரிங்கிட். கையில் வைத்திருப்பதோ 1,500 ரிங்கிட் புடவையின் பகுதி. கூலிக்கும் இழப்புக்கும் உள்ள இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே வேலையை ஏற்க வேண்டும்.

அதனால் துணியை வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இழை இழுத்த இடமோ கறையோ இருந்தால் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வடிவம் பதிக்க மண்ணெண்ணெயில் குழைத்த துத்தநாகப் பொடியைத் துளையிட்ட தாளின் மேல் தேய்ப்பது வழக்கம். வெளிர் நிறப் பட்டில் அது கறையாக நிற்கக்கூடும் என்பதால், வெட்டுப்படும் ஓரத்தில் முதலில் சிறிது பதித்துப் பார்க்க வேண்டும். ஆரி வேலை முடிந்த பிறகுதான் துணி வெட்டப்படும். ஆகவே தையற்காரர் அளவுகளைக் குறித்துக் கொடுத்த கோட்டிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளியே மணி வேலையை நிறுத்துங்கள். தையல் இயந்திரத்தின் ஊசி மணியின் மேல் இறங்கினால் மணியும் உடையும், ஊசியும் உடையும்; அதோடு தையற்காரரின் நட்பும் போய்விடும். அளவு தவறியதற்கு யார் பொறுப்பு என்ற சண்டை பெரும்பாலும் இந்த அரை அங்குலத்தில்தான் கிளம்புகிறது.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது, தண்ணீரில் துவைக்கக் கூடாது, கற்களின் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, வாசனைத் திரவியத்தை நேரே தெளிக்கக் கூடாது என்பவற்றை ஒரு சிறு தாளில் அச்சிட்டுத் துணியோடு வைத்துக் கொடுங்கள். நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் மலிவான பொன்னிற மணிகள் வியர்வை பட்டு விரைவில் கறுத்துவிடும். அதை முன்பே சொன்னால் அறிவுரையாக இருக்கும். பின்னால் சொன்னால் சாக்காகத்தான் தெரியும்.

தீபாவளிக்கு எத்தனை ஆர்டர்கள் எடுக்கலாம்?

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. ஏறத்தாழ மூன்று வாரம் தள்ளிப் போகும் பண்டிகைக்குச் சென்ற ஆண்டின் கடைசி நாளையே இந்த ஆண்டும் வைத்துக்கொள்ள முடியாது. பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தையற்காரருக்குக் குறைந்தது இரண்டு வாரம்; அந்தக் காலத்தில் அவருக்கும் நெருக்கடி இருக்கும். அதற்கு முன் நம் வேலை. அதற்கும் முன் ஒரு வாரம் கைக்காவல். காய்ச்சல், பிள்ளையின் தேர்வு, மின்தடை ஆகியவை இந்த ஒரு வாரத்துக்குள் அடங்க வேண்டும்.

பிறகு மணிநேரம். வேலைக்குப் போய்க்கொண்டு இரவில் இரண்டு மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் பிரேமில் உட்காரக்கூடியவருக்கு, வாரம் 16 மணி நேரம் கிடைக்கும். மேலே சொன்ன 20 மணி நேர ரவிக்கையை அவரால் வாரத்துக்கு ஒன்றுகூட முடிக்க இயலாது. எட்டு வாரம் இருந்தால் ஆறு ரவிக்கை, கைக்காவலைக் கழித்தால் ஐந்து. "கடைசி நேரத்தில் விழித்திருந்து முடித்துவிடலாம்" என்று சொல்பவர்கள் இரவு பன்னிரண்டு மணிக்குப் போட்ட தையலைக் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐந்து என்று கணக்கு வந்தால் ஐந்தோடு நிறுத்தி, ஆறாமவரிடம் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். வருத்தப்பட்டுப் போகும் ஒருவர் அடுத்த ஆண்டு முன்கூட்டியே வருவார்; தீபாவளிக்கு முதல்நாள் துணி கிடைக்காமல் நின்ற ஒருவர் திரும்பி வரவே மாட்டார்.

ஆண்டு முழுவதையும் இதே பார்வையோடு பிரித்துக்கொள்ளலாம். ஆடியில் திருமணங்கள் இராது. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் வைப்பதில்லை. தை மாதத்திலும் டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் நெருக்கடி. ஓய்ந்திருக்கும் மாதங்களில் மாதிரித் துண்டுகள் செய்வது, வகுப்பு நடத்துவது, நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் மலாய்க்காரப் பெண்களின் பாஜு கூரோங் உடையின் கழுத்துக்கும் கைக்கும் மணி தைத்துக் கொடுப்பது ஆகியவற்றைச் செய்யலாம். அவர்களிடையே 'ஜாஹிட் மானிக்' என்னும் மணித்தையல் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளதால், ஆரி ஊசியால் செய்யும் மணி வேலையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. தமிழர் பண்டிகைகளை மட்டுமே நம்பியிருப்பவருக்கு ஓராண்டில் சில மாதங்கள் வருமானமே இராது.

மணிகளையும் நூலையும் மொத்தமாக வாங்கினால் மலிவுதானே?

பொன்னிற சுகர் பீட்ஸ், ஜரி, வெள்ளை முத்து ஆகியவை எல்லா ரவிக்கைக்கும் வேண்டும். அவற்றை மொத்தமாக வாங்கலாம். மற்ற நிறங்களை ஆர்டர் உறுதியான பிறகே வாங்குங்கள். பெட்டியில் கிடக்கும் ஊதா நிற மணிப் பொட்டலம் ஒவ்வொன்றும் உங்கள் கைக்காசுதான். யாராவது ஊதா நிறப் புடவையோடு வரும் வரை அது அங்கேயே கிடக்கும். ஆனால் ஒரு ரவிக்கைக்குத் தேவையானதை ஒரே நேரத்தில், ஒரே பொட்டலத்திலிருந்து, சற்று மிகுதியாகவே வாங்க வேண்டும். ஒரே எண்ணிட்ட நிறமாக இருந்தாலும் அடுத்த சரக்கில் சாயம் மாறும். இடக்கை ஒரு சிவப்பும் வலக்கை வேறொரு சிவப்பும் ஆனால் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேலையைப் பிரிக்கும் முறையில் கவனம் வேண்டும். இரண்டு பேருடைய இழுப்பு ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருடைய சங்கிலி சற்றே நீளமாகவும் மற்றவருடையது இறுக்கமாகவும் விழும். ஒரு கையை ஒருவரும் மறு கையை இன்னொருவரும் தைத்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டும் அழகாக இருக்கும். உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் வேறுபாடு தெரிந்துவிடும். ஆகவே ரவிக்கையை இடம், வலம் என்று பங்கிடாமல், வேலையின் வகையால் பங்கிடுங்கள். வெளிக்கோடுகள் அனைத்தையும் ஒருவர் ஓட்டட்டும். மணி, கல் வேலை அனைத்தும் மற்றவருடையதாக இருக்கட்டும். முதலில் கண்ணில் படும் இடமான முன்கழுத்தைத் தேர்ந்த கை செய்யட்டும்.

கூலி விஷயத்தில், அங்குலக் கணக்குள்ளவருக்கு வேலை எளிது. எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிவதால் நியாயமான தொகையை முன்பே பேசிக்கொள்ளலாம். முறையான ஊழியராக வைத்துக்கொண்டால் குறைந்தபட்சச் சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி ஆகியவை நம் பொறுப்பில் வந்துவிடும். உறவுக்காரப் பெண்தானே என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

தொழிலைப் பதிவு செய்ய வேண்டுமா? வருமான வரி உண்டா?

தொடர்ந்து ஆர்டர் எடுத்துப் பணம் வாங்கினால் அது வணிகம்தான். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வேறு பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 ரிங்கிட். சில ரவிக்கைகளின் மணிச் செலவுக்குச் சமமான இந்தத் தொகையைச் சேமிக்க நினைப்பதில் பொருளில்லை. வணிகப் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பதற்கும், கடனுதவிக்கு விண்ணப்பிப்பதற்கும் இந்தப் பதிவுதான் முதற்படி. வீட்டிலிருந்து நடத்துவதற்கான உரிமம் பற்றி உள்ளூர் மன்றத்திலும், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிர்வாகத்திடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வணிக வருமானம் உள்ள தனிநபர் பி படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு ஜூன் 30 அதற்குரிய நாள். கணக்குகளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய மணிக்கான ரசீது சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடுவதால், வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

கடன் வாங்கித் தொடங்கலாமா?

சிறுதொழில்களுக்குக் கடனுதவி தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலின் கீழ் இந்தியத் தொழில்முனைவோர்க்கான ஸ்பூமி கடன் திட்டம் உள்ளது. ஆனால் ஆரி வேலைக்கு வேண்டியவை ஒரு பிரேம், சில ஊசிகள், விளக்கு, முதல் சரக்கு ஆகியவை மட்டுமே. இவற்றை முன்பணத்தைக் கொண்டே வாங்கிவிடலாம். வாடகைக் கடை பிடிப்பதற்காக மட்டும் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாடகை மாதந்தோறும் கேட்கும். ரவிக்கை அப்படி மாதந்தோறும் வருவதில்லை.

செய்த வேலையின் படங்களை வெளியிடலாமா?

மணப்பெண்ணின் முகம் தெரியும் படத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வேலைப்பாட்டை மட்டும் அருகிலிருந்து எடுத்த படமே ஆர்டரைக் கொண்டுவருகிறது, முகம் தேவைப்படுவதில்லை. பிறர் செய்த வேலையின் படத்தை நம்முடையதாகப் போடுவதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது, ஆனால் அது நடக்கிறது.

வகுப்பு நடத்தினால் வருமானம் கூடுமா?

ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் தொகையை வைத்துப் பார்த்தால், நான்கைந்து பேர் கொண்ட வகுப்பு ரவிக்கையைவிட மேலானது. கட்டணம் முன்பே வந்துவிடுகிறது; துணி கெடும் அச்சம் இல்லை. கற்றுக்கொண்டவர்கள் நமக்கே போட்டியாக வந்துவிடுவார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். கற்க வருபவர்களில் பெரும்பாலோர் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் செய்துகொள்ளவே வருகிறார்கள். நேரம் கிடைக்காதபோது அவர்களே வாடிக்கையாளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். ஒரு மயிலுக்கு எவ்வளவு நேரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் பேரம் பேசுவதில்லை. தொழிலாகவே செய்ய முனையும் சிலருக்கு, நம்மால் எடுக்க முடியாத தீபாவளி ஆர்டர்களை அனுப்பி வைக்கலாம்.

உறவினர்களுக்கு என்ன விலை?

இரண்டே வழி: முழு விலை, அல்லது முழு அன்பளிப்பு. தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்குச் செய்து கொடுத்தால் அதை மொய்யாக நினைத்துச் செய்துவிடுங்கள். கணக்கு நோட்டில் எழுத வேண்டாம். "பொருட்செலவு மட்டும் கொடு போதும்" என்ற நடுவழியில் நமக்கும் காசு வராது, வாங்கியவருக்கும் பரிசு பெற்ற எண்ணம் இராது. போதாக்குறைக்கு, அந்த 35 ரிங்கிட்தான் நம் விலை என்று அவர் நான்கு பேரிடம் சொல்லி வைப்பார்.

இந்தக் கணக்கு மற்றக் கைவினைகளுக்கும் பொருந்துமா?

குரோஷா, மணி நகை, பட்டு நூல் வளையல் ஆகியவற்றுக்கு நேரக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அவற்றை முன்பே செய்து அடுக்கி வைத்து விற்க முடியும் என்பதால் சரக்குத் தேங்கும் ஆபத்து கூடுதல். வாடிக்கையாளர் துணியைக் காக்கும் பொறுப்போ இல்லை.

விலையை எப்போது உயர்த்துவது?

நம் கையில் உள்ள ஆர்டர்கள் தொடர்ந்து இரண்டு மாதங்களுக்கு முன்கூட்டியே நிரம்பி, புதிதாகக் கேட்பவர்களில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் விலை குறைவாக இருக்கிறது என்று பொருள். தீபாவளி நெருக்கத்தில் உயர்த்தினால் பண்டிகையைப் பார்த்து ஏற்றிவிட்டார் என்ற பேச்சு வரும். தீபாவளி முடிந்த பிறகு, தைத் திருமண ஆர்டர்கள் வரத் தொடங்கும் முன் அறிவிப்பதே பொருத்தம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களைப் பழைய விலையிலேயே முடித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதற்கும் நோட்டுப் புத்தகமே விடை சொல்லும். கையின் வேகம் கூடி, 20 மணி நேர வேலை 16 மணி நேரத்தில் முடியத் தொடங்கியிருந்தால், பழைய விலையிலேயே நம் மணிநேர வருமானம் உயர்ந்திருக்கும். அப்போது அவசரப்பட வேண்டியதில்லை. வேகம் மாறாமல் மணி, நூல் விலை மட்டும் ஏறியிருந்தால், அந்த ஏற்றத்தை அப்படியே சேர்த்து, புதிய தொகையைப் புலனத்தில் அனுப்பும் முதல் செய்தியில் எழுதிவிடலாம்.